ஓர் எழுத்து வித்தியாசம்

தொண்டை வலியும் காய்ச்சலுமாக மருத்துவரிடம் போய்த் திரும்புகிறவரின் கையில், பல சமயம் மூன்றே மூன்று மாத்திரைகள் கொண்ட சிறிய அட்டை ஒன்று இருக்கும். அசித்ரோமைசின், 500 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. இந்தப் பெயரைக் கேள்விப்படாத வீடு தமிழ்நாட்டில் அநேகமாக இருக்காது. விழுங்கிய மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, கிருமி இருக்கும் இடத்தை அடைகிறது. பாக்டீரியாவின் உள்ளே நுழைந்து, அங்கே ஒரு குறிப்பிட்ட பொந்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பாக்டீரியாவால் தனக்கு வேண்டிய புரதங்களைத் தயாரிக்க முடிவதில்லை.

நம் உடலின் செல்களிலும் அதே வேலையைச் செய்யும் எந்திரம் இருக்கிறது. அதிலும் அதே போன்ற பொந்து இருக்கிறது. மருந்து நம் செல்களைச் சூழ்ந்தும்தான் நிற்கிறது. ஆனாலும் நம் புரத உற்பத்தி நிற்பதில்லை. முக்கியமான காரணம், அந்தப் பொந்தின் சுவராக அமைந்த ஆர்என்ஏவில் இருக்கும் ஓர் எழுத்து. பாக்டீரியாவில் அந்த இடத்தில் இருப்பது ‘ஏ’ எனப்படும் அடினைன். மனிதனில் அதே இடத்தில் இருப்பது ‘ஜி’ எனப்படும் குவானைன்.

அந்த எழுத்துக்கும் மருந்துக்கும் தொடர்பு உண்டு என்பது மரபணு ஆய்வுகளால் முன்பே தெரிந்திருந்தது. ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைத்ததோ, அந்த எந்திரத்தின் உருவத்தை அணு அணுவாகப் பார்த்த பிறகுதான். அப்படிப் பார்ப்பதற்கு, முதல் படிகம் வளர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் 20 ஆண்டுகள் ஆயின.

புரதம் கோக்கும் எந்திரம்

எந்திரத்தின் பெயர் ரைபோசோம். டிஎன்ஏவில் எழுதப்பட்டிருக்கும் மரபுச் செய்தி முதலில் தூது ஆர்என்ஏ என்னும் இழையாகப் படியெடுக்கப்படுகிறது. அந்த இழையை மூன்று மூன்று எழுத்துகளாகப் படித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தை வரிசையாகக் கோத்துப் புரதமாக்குவது ரைபோசோம். அமினோ அமிலங்களைச் சுமந்துவந்து கொடுப்பது கடத்து ஆர்என்ஏ. முடியில் இருக்கும் கெராட்டின், ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபின், வாயில் போட்ட சோற்றைச் சர்க்கரையாக உடைக்கும் அமிலேஸ் என எந்தப் புரதத்தை எடுத்துக்கொண்டாலும், அது ஏதோ ஒரு ரைபோசோமின் வாயிலிலிருந்து வெளியே வந்ததாகத்தான் இருக்கும்.

வேகமும் அசாத்தியமானது. நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் ரைபோசோம் நொடிக்குச் சுமார் 20 அமினோ அமிலங்களைக் கோக்கிறது. ஆயிரக்கணக்கில் கோத்தால் ஒன்று தவறலாம், அவ்வளவுதான் பிழை. வேகமாக வளரும் ஓர் ஈ. கோலை செல்லுக்குள் இப்படிப்பட்ட எந்திரங்கள் பல்லாயிரம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ருமேனியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பலேடு, 1950களின் நடுவில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் செல்லுக்குள் கடுகு தூவியது போலத் தெரிந்த கரும்புள்ளிகளைக் கண்டு எழுதினார். ரைபோசோம் என்ற பெயர் அவற்றுக்கு 1958இல் வந்தது. புள்ளி என்பது தெரிந்தது. புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் வேதியியலாளர்கள் பிரித்துப் பார்த்துப் பட்டியலிட்டார்கள். பாக்டீரிய ரைபோசோமில் இரண்டு பகுதிகள். சிறியதன் பெயர் 30எஸ். அதில் சுமார் 1,540 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்என்ஏவும் இருபதுக்கும் மேற்பட்ட புரதங்களும் உண்டு. பெரியதன் பெயர் 50எஸ். அதில் சுமார் 2,900 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்என்ஏ, 120 எழுத்துகள் கொண்ட இன்னொன்று, முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள். மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஆர்என்ஏ.

பட்டியல் கையில் இருந்தும் பயன் குறைவாகவே இருந்தது. கடிகாரத்தைக் கழற்றிச் சக்கரங்களையும் திருகுகளையும் எண்ணிக் குவித்துவிட்டால், அது எப்படி மணி காட்டுகிறது என்று தெரிந்துவிடாது. எந்தப் பல் எந்தப் பல்லோடு கடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ரைபோசோமின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. அதற்குள் ஹைட்ரஜனை விட்டுவிட்டு எண்ணினாலே சுமார் ஒன்றரை லட்சம் அணுக்கள். அணுக்களிடையே உள்ள தூரத்தை அளக்க விஞ்ஞானிகள் பயன்படுத்தும் அலகு ஆங்ஸ்ட்ராம். மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. ஏறத்தாழ மூன்று ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் படம் கிடைத்தால்தான் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று நம்பிக்கையோடு சொல்ல முடியும்.

கரடி காட்டிய வழி

அவ்வளவு நுணுக்கத்துக்கு அன்று ஒரே வழிதான் இருந்தது: எக்ஸ் கதிர்ப் படிகவியல். மூலக்கூறுகளை உப்புக்கல், கற்கண்டு போல ஒழுங்கான அடுக்குகளாகப் படியச் செய்து, அந்தப் படிகத்தின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சிதறி வரும் கதிர்கள் பதிக்கும் புள்ளிகளிலிருந்து உருவத்தைக் கணக்கிட வேண்டும். கேம்பிரிட்ஜில் மேக்ஸ் பெரூட்ஸ் ஹீமோகுளோபினின் உருவத்தைக் காண இந்த வழியில்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். ரைபோசோம் ஹீமோகுளோபினைப் போல 40 மடங்கு எடை கொண்டது. ஹீமோகுளோபினில் இருப்பது போன்ற சமச்சீரும் அதில் இல்லை. அடுக்கி வைக்கச் செங்கல் வேண்டும். ரைபோசோமோ கருங்கல் ஜல்லி மாதிரி கோணல்மாணலானது, அதோடு நெகிழக்கூடியது. அது படிகமாகாது என்பதே பெரும்பாலோரின் எண்ணம்.

எருசலேமில் 1939இல் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அடா யோனத். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தவர். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் படிகவியல் ஆய்வாளராக இருந்த அவர், சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு ஓய்வில் இருந்தபோது கரடிகளைப் பற்றிப் படித்தார். குளிர்கால உறக்கத்துக்குப் போகும் கரடியின் செல்களில் ரைபோசோம்கள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு நிற்கின்றன என்ற செய்தி அவரைப் பிடித்துக்கொண்டது. கடும் சூழலில் ரைபோசோம் தானாக அடுக்காகும் என்றால், சோதனைக் குழாயிலும் அது அடுக்காகும் என்று அவர் முடிவு செய்தார். அப்படியானால் எளிதில் சிதையாத ரைபோசோமாகத் தேட வேண்டும். சூட்டிலும் உப்பிலும் வாழ்ந்து பழகிய நுண்ணுயிர்கள் பக்கம் அவர் பார்வை திரும்பியது.

பெர்லினில் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ரைபோசோம் ஆய்வை நடத்திவந்த ஹைன்ஸ்-குந்தர் விட்மன் அவருக்கு இடமும் பொருளும் கொடுத்தார். வெப்பம் விரும்பும் பாக்டீரியா ஒன்றின் 50எஸ் பகுதி 1980இல் முதன்முதலாகப் படிகமானது. பின்னர் சாக்கடலின் உப்பு நீரில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து மேலும் நல்ல படிகங்கள் கிடைத்தன.

படிகம் கிடைத்தவுடன் அடுத்த இடர் வந்தது. எக்ஸ் கதிர் பட்ட கணத்திலிருந்து படிகம் சிதையத் தொடங்கிற்று. போதிய புள்ளிகளைப் பதிவுசெய்யும் முன்பே அது பாழானது. யோனத்தும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் படிகத்தைத் திடீரென உறைய வைத்து, கடும் குளிரிலேயே வைத்துக் கதிர் பாய்ச்சும் முறையைக் கையாண்டார்கள். சிதைவு வெகுவாகக் குறைந்தது. இன்று உலகின் எந்தப் படிகவியல் கூடத்துக்குப் போனாலும் திரவ நைட்ரஜன் புகை கிளப்பிக்கொண்டிருப்பதைக் காணலாம். ரைபோசோமுக்காகச் சீர்பட்ட முறை எல்லா மூலக்கூறுகளுக்கும் பொதுவாகிவிட்டது.

புள்ளி தெரிகிறது, இழை தெரியவில்லை

படிகவியலின் ஆகப் பெரிய சிக்கலுக்குக் ‘கட்டச் சிக்கல்’ என்று பெயர். எக்ஸ் கதிர் ஓர் அலை. அதற்கு உயரம் உண்டு. எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்ற கட்டமும் உண்டு. பதிவாகும் புள்ளியின் அடர்த்தியிலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம். கட்டம் பதிவாவதே இல்லை. வாசலில் யாரோ புள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், இழையை எப்படி வளைத்து இழுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தச் சிக்குக் கோலத்தை முடிப்பது எப்படி என்பது போன்ற நிலை அது.

வழி ஒன்று உண்டு. படிகத்துக்குள் கனமான உலோக அணுக்களைக் குறிப்பிட்ட இடங்களில் புகுத்திவிட்டால், அவை புள்ளிகளில் உண்டாக்கும் மாறுதலைக் கொண்டு கட்டத்தைக் கண்டுபிடிக்கலாம். சிறிய புரதத்துக்கு ஒரு பாதரச அணு போதும். ரைபோசோம் என்னும் மலைக்கு முன் ஒரு பாதரச அணு கண்ணுக்கே தெரியாது. எனவே ஆய்வாளர்கள் பல டங்ஸ்டன் அணுக்கள் சேர்ந்த கொத்துகளையும் ஆஸ்மியம் சேர்மங்களையும் பயன்படுத்தினார்கள். உலோக அணு சில அலைநீளங்களில் கதிரை வழக்கத்துக்கு மாறாகச் சிதறடிக்கும். அந்தச் சிதறலிலிருந்தும் கட்டத்தைப் பெறலாம்.

இந்த இடத்தில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையைக் கட்டி எழுப்பிய ஜி. என். ராமச்சந்திரன், 1950களில் எஸ். ராமனுடன் சேர்ந்து, இந்தச் சிதறலைக் கொண்டு கட்டம் காணும் வழியை வளர்த்தவர்களில் ஒருவர். அவர் 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’, புரத இழை எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று வரையறுத்தது. இன்றும் ஒரு புரதத்தின் உருவத்தைக் கண்டதாகச் சொல்லும் எவரும் அந்த வரைபடத்தின் சோதனையைத் தாண்டியாக வேண்டும். ரைபோசோமின் ஐம்பதுக்கும் மேற்பட்ட புரதங்களும் தாண்டின.

1990களின் கடைசியில் போட்டி சூடுபிடித்தது. யேல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்டைட்ஸும் பீட்டர் மூரும் பெரிய பகுதியான 50எஸ்ஸை எடுத்துக்கொண்டார்கள். சிறிய பகுதியான 30எஸ்ஸை எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் வெங்கி ராமகிருஷ்ணன்.

வெங்கி சிதம்பரத்தில் 1952இல் பிறந்தவர். பெற்றோர் இருவருமே விஞ்ஞானிகள். மூன்று வயதில் குடும்பம் பரோடாவுக்குப் போயிற்று. அங்கே இயற்பியல் படித்து, அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். பட்டம் கையில் இருக்கும்போதே உயிரியல்தான் தன் துறை என்று முடிவு செய்து, மீண்டும் மாணவராகச் சேர்ந்து அடிப்படையிலிருந்து உயிரியல் படித்தார். ரைபோசோமோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது யேலில் பீட்டர் மூரின் ஆய்வகத்தில். பின்னர் ஆசிரியர் பணிக்காகச் சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் வேலை கிடைக்கவில்லை. புரூக்ஹேவன் ஆய்வுக்கூடம், யூட்டா பல்கலைக்கழகம் என்று பணியாற்றிவிட்டு, 1999இல் சம்பளக் குறைவைப் பொருட்படுத்தாமல் கேம்பிரிட்ஜின் மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். பல ஆண்டுகள் பலன் தராமல் போகக்கூடிய ஆய்வுக்கும் பொறுமையாகப் பணம் கொடுக்கும் இடம் அது.

அவருடைய குழு எடுத்துக்கொண்டது வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியா. முதலில் கிடைத்த படிகங்கள் மங்கலான புள்ளிகளையே தந்தன. எஸ்1 என்ற ஒரு புரதம் சில 30எஸ் துகள்களில் ஒட்டிக்கொண்டும் சிலவற்றில் கழன்றும் இருந்ததால், துகள்கள் ஒன்றுபோல் இல்லை. ஒன்றுபோல் இல்லாதவை ஒழுங்காக அடுக்காகா. எஸ்1 இல்லாத துகள்களை மட்டும் பிரித்தெடுத்தபோது படிகத்தின் தரம் உயர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட புரதங்களில் ஒரே ஒரு புரதத்தின் தொல்லை அது.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் யேல் குழு 50எஸ்ஸின் உருவத்தை 2.4 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டது. செப்டம்பரில் வெங்கியின் குழு 3 ஆங்ஸ்ட்ராமிலும் யோனத்தின் குழு 3.3 ஆங்ஸ்ட்ராமிலும் 30எஸ்ஸை வெளியிட்டன. சுமார் இரண்டு மாதத்துக்குள் அரை நூற்றாண்டின் கரும்புள்ளிக்கு உருவம் கிடைத்துவிட்டது. யோனத், ஸ்டைட்ஸ், வெங்கி மூவருக்கும் 2009இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. டொரோத்தி ஹாட்ஜ்கினுக்கு 1964இல் கிடைத்த பிறகு வேதியியலில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் யோனத்.

உருவம் சொன்ன பதில்கள்

முதல் பதில், புரதத்தைக் கோப்பது யார் என்பதற்கு. செல்லில் வேதிவினை நடத்துபவை நொதிகள், நொதிகள் புரதங்கள் என்பதே பாடம். எனவே இரண்டு அமினோ அமிலங்களைப் பிணைக்கும் இடத்தில் ஒரு புரதம் இருந்தாக வேண்டும் என்று பலர் நம்பினார்கள். கலிபோர்னியாவில் ஹாரி நோலர் 1992இலேயே, ரைபோசோமின் புரதங்களைப் பெருமளவு நீக்கிய பின்னும் பிணைக்கும் வேலை நடக்கிறது என்று காட்டியிருந்தார். முற்றிலும் நீக்க முடியாததால் ஐயம் மிஞ்சியிருந்தது. யேல் குழுவின் படம் அதைத் தீர்த்தது. பிணைப்பு நடக்கும் இடத்தைச் சுற்றி 18 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்கு எந்தப் புரதமும் இல்லை. சுற்றிலும் ஆர்என்ஏ. கோப்பது ஆர்என்ஏதான். புரதங்கள் வெளிப்புறத்தில் நின்று தாங்கிப் பிடிக்கின்றன.

இதன் பொருள் ஆழமானது. புரதம் செய்யப் புரதம் வேண்டும் என்றால் முதல் புரதம் எப்படி வந்தது? கோழியா முட்டையா என்ற இந்தக் கேள்விக்கு, ஆதி ரைபோசோம் முழுக்க ஆர்என்ஏவாக இருந்திருக்கலாம் என்று பிரான்சிஸ் கிரிக் 1968இல் ஒரு கருத்தை முன்வைத்தார். இன்றைய ரைபோசோமின் மையத்தில் அந்தப் பழைய ஆர்என்ஏ எந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கருதலாம்.

இரண்டாம் பதில், பிழை ஏன் குறைவு என்பதற்கு. தூது ஆர்என்ஏவின் மூன்றெழுத்தும் கடத்து ஆர்என்ஏவின் மூன்றெழுத்தும் பொருந்துகின்றனவா என்று சோதிக்க வேண்டும். எழுத்துகளுக்கு இடையே உள்ள ஈர்ப்பு மட்டும் சரியானதையும் கிட்டத்தட்டச் சரியானதையும் இவ்வளவு துல்லியமாகப் பிரிக்கப் போதாது. வெங்கியின் குழு 2001இல் அந்த இடத்தை நெருங்கிப் பார்த்தது. 30எஸ் ஆர்என்ஏவின் 1492, 1493ஆம் எழுத்துகள், இரண்டும் ‘ஏ’, வழக்கமாக ஒரு மடிப்புக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. சரியான கடத்து ஆர்என்ஏ வந்து பொருந்தியதும் இரண்டும் மடிப்பிலிருந்து வெளியே புரண்டு, பொருந்திய எழுத்து இணைகளின் பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கின்றன. 530ஆம் எழுத்தான ‘ஜி’யும் சேர்ந்துகொள்கிறது. இணையின் வடிவம் இம்மியும் பிசகாமல் இருந்தால் மட்டுமே அவை அங்கே பொருந்தும். நகைக்கடையில் தங்கத்தை உரைத்துப் பார்ப்பது போல, ரைபோசோம் ஒவ்வொரு பொருத்தத்தையும் தொட்டு உரைத்துப் பார்க்கிறது.

தொடுவது முதல் இரண்டு இணைகளை மட்டும். மூன்றாவதைக் கண்டிப்பாகச் சோதிப்பதில்லை. மரபுக் குறியீட்டின் மூன்றாம் எழுத்தில் ஏன் தளர்வு இருக்கிறது, 61 மூன்றெழுத்துகள் இருபதே அமினோ அமிலங்களுக்கு எப்படிப் பகிரப்படுகின்றன என்று பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்ய வைக்கும் செய்திக்கு, கண்ணால் காணக்கூடிய காரணம் கிடைத்தது.

மூன்றாம் பதில், மருந்து பற்றியது. காசநோய்க்கு முதலில் கிடைத்த பயனுள்ள மருந்து ஸ்ட்ரெப்டோமைசின், 1943இல் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் மண்ணிலிருந்து வந்த எரித்ரோமைசின் 1952இல் சந்தைக்கு வந்தது. அதிலிருந்து 1980வாக்கில் சாக்ரெப் நகர ஆய்வாளர்கள் உருவாக்கியது அசித்ரோமைசின். டெட்ராசைக்கிளின், குளோரம்ஃபெனிக்கால் எல்லாமே ரைபோசோமைத் தாக்குபவை. ஆனால் எங்கே, எப்படி என்ற விவரம் 2000க்குப் பிறகே படமாகத் தெரிந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் 30எஸ்ஸின் பல பகுதிகளை ஒரே நேரத்தில் பற்றி, தவறான கடத்து ஆர்என்ஏவையும் ஏற்கும் நிலைக்கு எந்திரத்தைத் தள்ளுகிறது. எரித்ரோமைசினும் அசித்ரோமைசினும், புதிதாகக் கோத்த புரதம் வெளியேறும் சுரங்கத்தின் தொடக்கத்தில் போய் அடைத்துக்கொள்கின்றன. சுரங்கத்தின் நீளம் சுமார் 100 ஆங்ஸ்ட்ராம், அகலம் 10 முதல் 20 ஆங்ஸ்ட்ராம். சின்னஞ்சிறு அடைப்பே போதும்.

ஆடும் எந்திரத்தைப் படம் பிடிப்பது

படிகத்துக்குள் மூலக்கூறு அடைபட்டு நிற்கிறது. எந்திரமோ ஓட வேண்டியது. இந்தக் குறையைத் தீர்த்த வழி எலக்ட்ரான் நுண்ணோக்கியிலிருந்தே வந்தது. ஜாக் துபோஷே 1980களின் தொடக்கத்தில், நீரைப் பனிக்கட்டிப் படிகமாக விடாமல், கடுங்குளிர் ஈத்தேனில் அமிழ்த்திக் கண்ணாடி போல் உறைய வைக்கும் முறையைக் கண்டார். அந்தக் கண்ணாடிக்குள் மூலக்கூறுகள் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்தி நிற்கும். யோவாக்கிம் ஃபிராங்க், பல்லாயிரம் மங்கலான படங்களை வகைபிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துத் தெளிவாக்கும் கணக்கு முறையை வளர்த்தார். அவர் பெரும்பாலும் சோதித்துப் பார்த்தது ரைபோசோமைக் கொண்டே. அவரும் ராஜேந்திர அகர்வாலும் 2000இல், ரைபோசோமின் இரண்டு பகுதிகளும் ஒன்றின்மேல் ஒன்று சற்றே திரும்பி மீள்வதைக் காட்டினார்கள். அந்தத் திருப்பத்தில்தான் தூது ஆர்என்ஏ இழை மூன்றெழுத்து நகர்கிறது.

2013வாக்கில் எலக்ட்ரான்களை நேரடியாகப் பதிவுசெய்யும் கருவிகள் வந்ததும் படங்கள் திடீரெனக் கூர்மையாயின. மலேரியாக் கிருமியின் ரைபோசோமை 2014இல் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தினர் படிகம் வளர்க்காமலே 3.2 ஆங்ஸ்ட்ராமில் கண்டார்கள். துபோஷே, ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு வந்தது. இவ்வகைக் கருவி இப்போது பெங்களூரிலும் இயங்குகிறது.

டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் கையாளும் மற்ற எந்திரங்களும் ஒவ்வொன்றாக உருவம் காட்டின. டிஎன்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸின் உருவத்தை ஸ்டைட்ஸ் 1985இலேயே கண்டிருந்தார். உள்ளங்கை, விரல்கள், கட்டைவிரல் என்று சொல்லும்படி, இழையைப் பிடித்த வலது கை போல அது இருக்கிறது. டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ எழுதும் எந்திரத்தை ராஜர் கோர்ன்பெர்க் 2001இல் கண்டு, 2006இல் நோபல் பெற்றார். தூது ஆர்என்ஏவில் தேவையற்ற துண்டுகளை வெட்டி ஒட்டும் ஸ்பிளைசோசோமை 2015இல் சீனாவின் ஷி யிகோங் குழு அணு அளவில் காட்டியது. 2020இல் பெருந்தொற்று பரவியபோது, கொரோனா வைரஸ் தன் ஆர்என்ஏவைப் பெருக்கும் பாலிமரேஸின் உருவம் சில மாதங்களிலேயே வெளிவந்தது. ரெம்டெசிவிர் என்னும் மருந்து அங்கே எப்படி நுழைகிறது என்றும் தெரிந்தது. ரைபோசோமுக்கு 20 ஆண்டு ஆன வேலை மாதக் கணக்கில் முடிந்ததென்றால், அந்த 20 ஆண்டுகளில் உருவான முறைகளும் அதற்கு ஒரு காரணம். 1971இல் ஏழே உருவங்களோடு தொடங்கிய உலகப் புரதத் தரவு வங்கியில் 2023இல் இரண்டு லட்சம் உருவங்கள் சேர்ந்துவிட்டன. யாரும் எந்தக் கட்டணமும் இல்லாமல் எடுத்துப் பார்க்கலாம்.

மீண்டும் அந்த ஓர் எழுத்து

இனி மூன்று மாத்திரை அட்டைக்குத் திரும்பலாம். ஈ. கோலையின் எண் முறைப்படி, 50எஸ் ஆர்என்ஏவின் 2058ஆம் எழுத்துதான் பொந்தின் சுவரில் இருப்பது. யோனத்தின் குழு 2001இல், எரித்ரோமைசின் சுரங்கத்தில் அந்த எழுத்தைத் தொட்டபடி உட்கார்ந்திருப்பதைப் படம் பிடித்தது. சாக்கடல் நுண்ணுயிரில் அதே இடத்தில், மனிதனில் இருப்பது போல, ‘ஜி’ இருக்கிறது. ஸ்டைட்ஸ் குழுவினர் அந்த ஓர் எழுத்தை மட்டும் ‘ஏ’வாக மாற்றி, படிகமாக்கி 2005இல் பார்த்தார்கள். மருந்து இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. ‘ஜி’யில் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும் சில அணுக்கள் கொண்ட ஒரு சிறு முனைதான் மருந்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. ‘ஏ’யில் அந்த இடத்தில் முனை இல்லை. நோயாளியைக் காப்பது அந்த முனை இருப்பது, கிருமியைச் சாய்ப்பது அது இல்லாதது.

ஓர் எழுத்து மாறினால் நிலைமை எதிராகவும் திரும்பும். நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி ரைபோசோம் உண்டு; அது பாக்டீரியாவின் சாயலில் இருக்கும். அதன் ஆர்என்ஏவுக்கான மரபணுவில் 1555ஆம் இடத்தில் ‘ஏ’ இருக்க வேண்டியவருக்கு ‘ஜி’ இருந்தால், அந்த ரைபோசோம் பாக்டீரிய வடிவத்துக்கு இன்னும் நெருங்கிவிடுகிறது. ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் வகை மருந்துகள் அவருக்குச் செவித்திறனைப் பறித்துவிடலாம். தாய்வழியாக வரும் இந்த மாறுதல் 1993இல் கண்டறியப்பட்டது.

பாக்டீரியாக்களும் அந்த 2058ஆம் எழுத்தைக் குறிவைத்துத் தப்பக் கற்றிருக்கின்றன. சில பாக்டீரியாக்களிடம் உள்ள எர்ம் என்னும் நொதி, 2058ஆம் ‘ஏ’யின் மீது இரண்டு மீத்தைல் தொகுதிகளை ஒட்டிவிடுகிறது. கரியும் ஹைட்ரஜனுமாக மொத்தம் எட்டு அணுக்கள். அவை ஒட்டியதும் பொந்தின் வாய் மறிக்கப்படுகிறது. எரித்ரோமைசின், அசித்ரோமைசின் இரண்டுமே உட்கார இடமில்லாமல் போகிறது. இந்த நொதிக்கான மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. மருந்து எவ்வளவு அதிகமாகப் புழங்குகிறதோ, அந்த மரபணு வைத்திருக்கும் பாக்டீரியாவுக்கு அவ்வளவு வசதி. மற்றவை மடிய, அது மட்டும் பெருகும். டைபாய்டு முதல் நுரையீரல் தொற்றுவரை பலருடைய உயிரைக் காக்கும் மருந்தை இப்படியெல்லாம் நாம் இழந்துவருகிறோம்.

சாதாரணச் சளியும் தொண்டைக் கரகரப்பும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. வைரஸுக்குச் சொந்தமாக ரைபோசோம் கிடையாது. அது நம் ரைபோசோமைக் கடன் வாங்கித்தான் பெருகுகிறது. நம் ரைபோசோமில் இருப்பதோ ‘ஜி’. அசித்ரோமைசின் வைரஸைக் கொல்லாததற்கு இதைவிட எளிய காரணம் வேண்டியதில்லை. மருத்துவர் எழுதித் தராமல் மருந்துக் கடையில் அந்த அட்டையைக் கேட்டு வாங்காதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுக்கும்போதும், இது பாக்டீரியாவால் வந்த நோய்தானா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.